பச்சை விளக்கு

நாகேந்திரம் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா ஹம்சிகாவுக்கு வாய் சும்மா இராமல் போக வேண்டும்!

“சேர், செய்தி போயும் ஒருத்தரும் பாக்காட்டி என்ன செய்யிறது?”

ஐயர் மணியை நிறுத்தினார். கொழும்பு வெள்ளவத்தையின் அந்தச் சின்ன அலுவலகம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

“நல்ல காரியம் தொடங்கேக்கை அபசகுனமாய்க் கதையாதையும், பிள்ளை.”

முதலாளி நாகேந்திரத்தின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பாவம், நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இதில் இறங்கிய மனிதர்.

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே ஃபிளாட்டில் தனியே கிடக்கும் வயது போனவர்களுக்குக் கையில் கட்டும் பட்டைதான் அவர்கள் விற்கப்போகும் பொருள். நெஞ்சை அடைத்தால், குளியலறையில் விழுந்தால், பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும். சொந்தக்காரரின் போனுக்குச் செய்தி போய்விடும். போய்ச் சேர்ந்ததும் அலுவலகச் சுவரிலுள்ள திரையில் பச்சை விளக்கு எரியும்.

பச்சை எரிந்தால் வெற்றி. தொடக்கத்திலேயே அப்படித்தான் தீர்மானித்தார்கள்.

எதில் தோற்கலாம் என்று கதைக்க மட்டும் அவர் ஒருநாளும் விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பட்டைகள் பெட்டியோடு பிள்ளையாருக்கு முன்னால் சந்தனப் பொட்டுடன் இருந்தன. ஒன்றைத் தவிர. முதல் பட்டையை ராசிக்காகக் காலையிலேயே ஒருவரின் கையில் கட்டிவிட்டு வந்திருந்தார் நாகேந்திரம்.

ஐயர் சொன்னபடி எல்லோரும் போன்களின் சத்தத்தை நிறுத்தினார்கள். கற்பூரம் ஏற்றப்பட்டது.

அந்த நேரம் திரையில் பச்சை எரிந்தது.

யாரோ பரிசோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, கூட வேலை செய்யும் மிதுஷன் முதலில் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஹம்சிகாவும்தான் தட்டினாள். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்ன! கண்ணை மூடிக் கும்பிட்டு நின்ற நாகேந்திரத்தின் முகம் மலர்ந்தது.

பூசை முடிந்து, பொங்கலும் வடையும் பரிமாறி, எல்லோரும் ஆறுதலாகச் சாப்பிட்டார்கள். ஹம்சிகாவுக்கு அவரே கூப்பிட்டு இன்னொரு வடை வைத்தார். அவள் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

“சரோஜினிக்கு ஒரு பார்சல் கட்டும், பிள்ளை. முழங்கால் ஏலாதெண்டு வராமல் நிண்டிட்டா. வாறன் எண்டு கோல் எடுத்துச் சொல்லுறன்.”

அவர் மனைவிக்கென்று ஹம்சிகா வாழையிலைத் துண்டில் பொங்கலை அள்ளி வைத்து, பேப்பரில் சுற்றினாள்.

நாகேந்திரம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பூசை நேரத்தில் பட்டையிலிருந்து வந்த செய்தி ஒன்று அதில் திறக்கப்படாமலே கிடந்தது.

ஹம்சிகா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். முதல் பட்டை யாருடைய கையில் இருக்கிறதென்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லையே, ஐயோ!

திரையில் பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் கையில் பார்சல் சுட்டது.