புகை இல்லாத புகைவண்டி

அரசு மானியத்தில் உப்பளத்துச் சின்ன ரயிலுக்குப் புகையே விடாத எஞ்சின் வந்தது. முதல் நாள் ஓட்டுநர் சூசைமிக்கேல் ஏறி உட்கார்ந்து உரிமத்தைக் காட்டினார்.

“இது புகைவண்டி ஓட்டும் உரிமம். என்னிடம் புகை இல்லையே, ஐயா. இறங்குங்கள்” என்றது எஞ்சின்.

சூசைமிக்கேல் மேலாளருக்குப் போன் போட்டார். “உப்பு துறைமுகம் போகலன்னா ஒம்ம வேலை போயிரும். எப்படியாவது ஓட்டும்வே” என்று மேலாளர் போனை வைத்துவிட்டார்.

பீடி வாடையோடு வந்தால் வாசற்படி ஏறக்கூடாது என்று மனைவி லூர்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வேறு வழி தெரியவில்லை. கேட் காவலாளியிடம் ஒரு கட்டு பீடி வாங்கிப் பற்றவைத்தார்.

“புகை வந்துவிட்டது. வணக்கம், ஓட்டுநரே!” எஞ்சின் கிளம்பியது. நாலு உப்புக்குவியல் தாண்டியதும் நின்றது. “புகை வருகிறது. மானிய விதிப்படி இது குற்றம்.”

பீடியை அணைத்தார்.

“நன்றி. நீங்கள் யார்?”

இப்படியே பற்றவைத்தும் அணைத்தும் பொழுது சாயத் துறைமுகம் சேர்ந்தார்.

வீட்டு வாசலிலேயே லூர்து மூக்கைச் சுளித்தாள். “பீடி குடிச்சியளா?”

“இல்லட்டி. ரயில் ஓட்டுனேன்.”