காலி எண்கள்

ஒரே மேஜையில், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடமும் தொலைபேசியும் இருந்தன. யாரும் நுழையலாம் என்று திறந்திருக்கும் கணினிகளைத் தேடி, மோடம் ஊரிலுள்ள எல்லா எண்களுக்கும் டயல் செய்து அட்டவணை போட்டது. மறுமுனையில் கணினி எடுத்தால் விசில் போல ஒலி வரும்.

“விசிலடிச்சு என்னை உள்ளே கூப்பிட்ட எல்லாரையும் குறிச்சுட்டேன் அண்ணே. இந்த ஊரை என்னை மாதிரி தெரிஞ்சவங்க கிடையாது. மத்த நம்பரெல்லாம் காலி” என்றது மோடம்.

“அதிலே யாருமே எடுக்கலையா?” என்றது தொலைபேசி.

“எடுத்தா என்ன, ‘ஹலோ, ஹலோ’ன்னு வெறும் இரைச்சல். விசில் வரலையே. அப்ப யாருமில்லைன்னுதானே அர்த்தம்?”

அந்த நேரம் தொலைபேசி மணி அடித்தது. வீட்டுக்காரர் சங்கரபாண்டி ஓடிவந்து எடுத்து, “ஹலோ” என்றார்.

மோடம் கவனமாகக் கேட்டது. அட்டவணையில் மிச்சமிருந்தது தன் வீட்டு எண் மட்டும்தான். அதற்கு நேராகவும் பெருமையோடு எழுதி முடித்தது: ‘காலி.’