சந்தனம் வைத்த டிஸ்க்

கிச்சா செய்த குற்றத்துக்குச் செங்கல்பட்டுக் கோர்ட்டில் தண்டனை கிடையாது. வத்சலா மாமியிடம் உண்டு.

திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகு வருவது நின்றுபோன பிறகும், மாமியின் திருமணத் தகவல் மையத்துக்கு வரன் வருவது நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டாயிரம் ஜாதகம். 'பொய் ஜாதகம் இந்த வாசலைத் தாண்டாது' என்று போர்டிலேயே எழுதி மாட்டியிருந்தாள். அங்கே மூன்று வருஷமாக டைப் அடிப்பவன் கிச்சா. மாமியின் ஒரே பெண் மானசாவுக்கும் அவனுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

சிக்கல் என்னவென்றால், கிச்சாவின் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்ய மாப்பிள்ளை மாமியாரின் ஆயுசுக்கு ஆகாது என்பது மாமியின் அசைக்க முடியாத நம்பிக்கை. எனவே ஒரு மத்தியானம், மாமி தூங்கும் நேரம் பார்த்து, அவன் தன் பதிவைத் திறந்து பிறந்த நேரத்தை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளினான். ஆயில்யம் பூசமாயிற்று.

அவன் அம்மா சம்பூர்ணம் இதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டாள். ஆபத்து சம்பந்திக்குத்தானே! ஆனால் மருமகள் நட்சத்திரம் தன் ஆயுசுக்கு ஆகாததாக இருந்துவிடக் கூடாதே என்று மானசாவின் ஜாதகத்தைக் கேட்டு வாங்கி மூன்று முறை பார்த்தாள். அதுவும் பூசம். "ரெண்டும் பூசம், பகவத் சங்கல்பம்!" என்று மாமி கற்பூரமே ஏற்றினாள்.

எல்லாம் கூடிவந்த வேளையில் கம்ப்யூட்டர் ஏதோ எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது. செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் ஹேமந்த் பைக்கில் வந்து பெட்டியைத் திறந்தான்.

"இன்னா அண்ணாத்த, டிஸ்க்குக்கு சந்தனம் வெச்சது யாரு?"

"ஆயுத பூஜையாச்சேப்பா. நான்தான். குங்குமமும் வெச்சேன்."

"நல்லா வெச்ச போ. ஒயரு சொருகற எடத்துல எறங்கி காஞ்சி போய் கீது. பூஜை அன்னிக்கே இந்த டிஸ்க்கு கழண்டுகிச்சு."

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று கெட்டாலும் ஜாதகங்கள் போய்விடக் கூடாதென்று, எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி பதியும்படி ஹேமந்த்தான் அமைத்துக் கொடுத்திருந்தான். ஒன்று கழன்றுகொண்டதும் மற்றது மூன்று வாரமாகத் தனியாக உழைத்திருக்கிறது.

கிச்சா விரல்விட்டு நாள் எண்ணிப் பார்த்தான். அவன் திருத்தியது பூஜைக்குப் பத்து நாள் கழித்து. சந்தனம் வைத்த டிஸ்க்கில் அவன் இன்னும் ஆயில்யமாகவே உட்கார்ந்திருக்கிறான்.

"இதைத் திரும்பச் சேர்த்தா என்ன ஆகும்?" என்று மெல்லக் கேட்டான்.

"ஓடிகினு கீற டிஸ்க்குல இருக்கறது அப்டியே இதுல காப்பி ஆவும். இதுல இருந்த பழசு பூடும்."

போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ உடனே பண்ணு. மாமி கோவில்லேர்ந்து வரதுக்குள்ளே முடிச்சுடு."

"அது நம்ம கிட்ட நடக்காது. ஒரு வாட்டி ஒரு வூட்ல இப்டி அழிச்சிட்டு நான் பட்ட பேஜாரு போதும். ரெண்டுத்துக்கும் இன்னா வித்யாசம்னு லிஸ்ட் எடுப்பேன். ஓனர் பாத்து கையெழுத்து போட்டாத்தான் அழிப்பேன்."

கிச்சா கெஞ்சினான். காபி வாங்கிக் கொடுத்தான், மெதுவடை வாங்கிக் கொடுத்தான். ஹேமந்த் இரண்டையும் முடித்துவிட்டு லிஸ்ட் எடுத்தான்.

"புதுப் பதிவு நாப்பத்தொண்ணு. பழைய பதிவுல திருத்தம் ரெண்டு."

இரண்டா? படபடப்பில் இரண்டு தடவை சேமித்துத் தொலைத்தோம் போலிருக்கிறது என்று கிச்சா தன்னையே நொந்துகொண்டான். பிரிண்டர் கிறீச்சிட்டு நின்றதும் தாளைப் பிடுங்கக் கை நீட்டினான். அதற்குள் வளையல் போட்ட ஒரு கை அதைக் கிழித்து எடுத்துவிட்டது.

வத்சலா மாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். திரும்பவும் படித்தாள். முகம் வெளுத்தது. நிமிர்ந்து கிச்சாவை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு வெள்ளிக்கிழமை, மானசா, மூன்று வருஷக் காதல் எல்லாம் கண்முன்னால் ஒழுகிப் போனது.

மாமி தாளை எட்டாகக் கிழித்தாள்.

"பழசையெல்லாம் கிளறிண்டு இருக்க வேண்டாம். இப்ப இருக்கறதுதான் சரி. பழசை அழிச்சுடுப்பா" என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு ஹேமந்திடம் நீட்டினாள்.

கிச்சா நம்ப முடியாமல் நின்றான். பிறகு சாஷ்டாங்கமாகக் காலில் விழுந்தான். "மாமி, நீங்க மனுஷியே இல்லை, தெய்வம்!"

"எழுந்திருடா. குடும்பம்னா ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுத்துத்தான் போகணும்" என்றாள் மாமி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

முப்பது சதவீதம், எழுபது, நூறு. சந்தனம் வைத்த டிஸ்க் மற்றதன் அச்சாக ஜோடி சேர்ந்தது. இனி உலகத்தில் எங்கேயும் கிச்சா ஆயில்யம் இல்லை. இப்படியொரு மாமியார் கிடைக்க எத்தனை ஜென்மத்துப் புண்ணியம் என்று நெகிழ்ந்தபடி ஹேமந்த்தை வழியனுப்ப வாசலுக்கு வந்தான்.

ஹேமந்த் கையில் ஒட்டிய குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஆயில்யம்னா அவ்ளோ பேஜாரா அண்ணாத்த?"

கிச்சா அசடு வழியச் சிரித்தான். "என்னமோப்பா, அவசரத்துலே அதை ரெண்டு தடவை வேற மாத்தித் தொலைச்சிருக்கேன்."

"உன் பேர்ல ஒண்ணுதான் கீது," என்று பைக்கை உதைத்துக் கிளப்பினான் ஹேமந்த். "இன்னொன்னு அவுங்க பொண்ணு மானசாவுது, ஆயில்யத்த பூசமா மாத்திக்கீறாங்க, பூஜைக்கு மறுநாளே, மேடம் பாஸ்வேர்டுல."