வேர்க்காத முகம்

"கண்ணை மூடிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் பவுடர் பஞ்சை எடுத்தாள்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் எத்தனையோ பெரிய முகங்களைப் பார்த்தவள் அவள். ஒரு முகத்துக்காகப் புதுப் பஞ்சைப் பிரித்தது இன்றைக்குத்தான்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று மசோதா கொண்டுவந்த மனிதர். சொந்தக் கட்சிக்காரர்களே காறித் துப்பியபோதும் ஒற்றை ஆளாக எழுந்து நின்று பேசியவர். நாளைக்கு வாக்கெடுப்பு.

அந்தப் பேச்சை அவளும் சிட்டுவும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்து அழுதிருக்கிறார்கள். சிட்டு அவர் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்காரரிடம் இவர்கள் பெரியம்மா மகள், சித்தி மகள். வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டுமே, முன்பின் பார்த்திராத இரண்டு அம்மாக்களை அக்கா தங்கையாக்கிவிட்டார்கள்.

ஒப்பனை முடிந்ததும் நன்றி சொல்வதற்காகக் காலையிலிருந்து ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

தலைவரின் போன் ஒலித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்தார். மனைவி போலிருக்கிறது.

"சாவி உன் இடுப்பிலயே இருக்கட்டும். அழுதா அழட்டும். நம்ம பொண்ணு நாலு நாள் உள்ள கிடந்தா அந்தப் பொண்ணைத் தானா மறந்துடுவா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற வரைக்கும் கதவைத் திறக்காத."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருட்டாம். இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் பூனைகள்தான். கண்ணை மூடியதும், முகத்தைத் தொடுகிறவளுக்குக் காது கிடையாது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இந்த ஆளுக்காகவா அழுதோம் என்றிருந்தது.

வெளியே நிருபர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சை வீசிவிட்டுப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆள் நாறிப்போவார்.

ஆளோடு மசோதாவும் நாறிப்போகும்.

அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசினாள். பால் வடியும் முகமாக்கித்தான் எழுப்பிவிட்டாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவளுக்கு நன்றி சொன்னார். அவள் தன் வாக்கியத்தைச் சொல்லாமல் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள்.

நிகழ்ச்சி நடக்கும்போது பஞ்சோடு கேமராவுக்குப் பின்னால் நிற்பதும் அவள் வேலை. நெற்றி வேர்த்தால் இடைவேளையில் ஓடிப்போய் ஒற்ற வேண்டும். மனசில் ஒன்று வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேசினால் அந்த விளக்குச் சூட்டில் எந்தக் கொம்பனுக்கும் வேர்த்துவிடும். இத்தனை வருஷத்தில் அவள் கண்டது அது.

"பெற்றவர்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்" என்றார் தலைவர். அரங்கமே எழுந்து கைதட்டியது.

ஒரு சொட்டு வேர்க்கவில்லை.

இடைவேளையில், பேட்டி எடுக்கும் பெண் அவளை ஓரமாக அழைத்தாள். இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். உள்ளே போனில் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று கேட்டாள்.

"மகள் சாப்பிட்டாளான்னு விசாரிச்சாரு மேடம்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்த சிட்டுவின் கண்கள் சிவந்திருந்தன. நிகழ்ச்சியைப் பார்த்து மறுபடியும் அழுதிருக்கிறாள். நேரில் எப்படி இருந்தார் என்று செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"டிவியில பாக்குற மாதிரியேதான்."

சிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "அந்த மாதிரி அப்பாவுக்குப் பொண்ணாப் பொறக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

அவள் தனக்குப் பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடக் கை வரவில்லை.