சம்பந்தி காலி செய்த பாட்டில்

"எம்பனாடா பலகாரத்துக்கு வெள்ளை ஒயின்தான் சம்பந்தி. சிவப்பு சேரவே சேராது," என்று கோப்பையை நீட்டினார் ஓவிடியோ.

"எனக்கு சோடா போதுங்க," என்றார் ஃபாஸ்தினோ.

ஓவிடியோவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஒயினுக்குப் பேர்போன மென்டோசாவில் பிறந்து, நாற்பது வருஷம் ஒயின் ஆலையில் பீப்பாய் கழுவிய மனுஷர், கேட்பது சோடா! இந்த வீட்டுக்கா பெண்ணைக் கொடுக்கப் போகிறோம் என்று யோசித்தார்.

ஓவிடியோ ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லித்தரும் ஆறு வார வகுப்பில் சேர்ந்து, மூன்றே வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டதால் நின்றுவிட்டார். அன்றோடு மனைவி நெலிதாவுக்கு அடுக்களையில் இருந்த அதிகாரம் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை அவள் மீன் வறுத்து வைத்த பிறகு, அதற்கேற்ற ஒயின் வீட்டில் இல்லையென்று தெரிந்தது. மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இருவரும் ரொட்டி தின்றார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் ரொஸியோவைக் கட்டப்போகும் லௌதாரோ, தன் அப்பா ஃபாஸ்தினோவையும் அம்மா எல்சிராவையும் முதல் தடவையாகச் சாப்பிட அழைத்து வந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் கல்யாணத் தேதி குறிப்பதாகப் பேச்சு.

கூடத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார் ஓவிடியோ.

"ரொஸியோ பிறந்த வாரம் வாங்கினது. இவ கல்யாணம் பேசற அன்னிக்குத்தான் திறக்கணும்னு வச்சிருந்தேன். நெருப்புல வாட்டின ஆட்டுக்குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது."

ஃபாஸ்தினோ பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமும் அலமாரியிலதான் இருந்துச்சா?"

"பின்னே? வர்றவங்க போறவங்க கண்ணுல படணுமே. நிமிர்ந்து நிக்கும், மேல ஒரு பல்பு எரியும். ஒரு நாள்கூடப் படுக்க வச்சதில்ல."

"அப்படியா," என்றார் ஃபாஸ்தினோ.

"நீங்களே திறங்க சம்பந்தி, அந்த மரியாதை உங்களுக்குத்தான். கொஞ்ச நேரம் காத்தாடட்டும். குட்டி வந்ததும் எல்லாருமா குடிப்போம்."

சொல்லிவிட்டு முற்றத்துக் கோடியில் இருந்த கரியடுப்புக்குப் போனார். குட்டியை நெருப்பில் போட்டவன் இடத்தைவிட்டு நகர்ந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே வீண். அங்கிருந்தே மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாஸ்தினோ தக்கையை எடுத்தார். முகர்ந்தார். கொஞ்சம் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மனுஷருக்கும் ரசனை இருக்கிறது என்று ஓவிடியோ மகிழ்ந்தபோதே, ஃபாஸ்தினோ கோப்பை நிறைய ஊற்றி ஒரே மூச்சில் இறக்கினார். உடனே அடுத்த கோப்பை.

"சம்பந்தி, அது கறியோட குடிக்கறது," என்று புகைக்கு நடுவிலிருந்து கத்தினார் ஓவிடியோ.

"ரொம்ப நல்லா இருக்கு. கை நிக்க மாட்டேங்குது."

எல்சிரா கணவரின் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க." அவர் அவள் விரல்களை மெல்ல விலக்கினார்.

ரொஸியோ சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டினாள். "எனக்கும் ஒரு வாய் குடுங்க மாமா. என்னோட பாட்டிலாச்சே."

"இன்னிக்கு மட்டும் மாமாவுக்கு விட்டுடும்மா," என்று பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இது, மானம் போகுது," என்று பல்லைக் கடித்தான் லௌதாரோ.

குட்டி மேஜைக்கு வந்தபோது பாட்டில் காலி. ஃபாஸ்தினோவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"மன்னிக்கணும் சம்பந்தி. இப்படி ஒரு ஒயினை நான் குடிச்சதே இல்ல."

ஓவிடியோ முறைத்தபடி கறியை வெட்டித் தட்டுகளில் போட்டார். ஃபாஸ்தினோ அதைத் தொடவே இல்லை. எல்சிரா தயங்கித் தயங்கித் தேதிப் பேச்சை எடுத்தாள்.

"பாக்கலாம். இப்ப என்ன அவசரம்?" என்று முடித்துவிட்டார் ஓவிடியோ.

அவர்களுடைய கார் தெருமுனை திரும்பியதும் வெடித்தார். "குடிகாரக் குடும்பம்! நான் ஊத்தின வெள்ளை ஒயின் ஆகாது, சோடா போதுமாம். ஒசத்தியான பாட்டிலைப் பார்த்ததும் சோடா மறந்து போச்சு. ரொஸியோ, இந்தச் சம்பந்தம் வேண்டாம். அந்தப் பையன்கிட்ட நீயே சொல்லிடு."

ரொஸியோ அழுதுகொண்டே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெலிதா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவர் குடிகாரர் இல்லீங்க. வயித்துல புண்ணு. டாக்டர் கூடாதுன்னு சொன்னதால ஆறு மாசமா ஒரு சொட்டு தொடலையாம். எல்சிரா அடுக்களைக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போனாங்க."

"அப்புறம் எதுக்கு என் பாட்டிலை மட்டும் யாருக்கும் குடுக்காம குடிச்சாரு?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன்." நெலிதா பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் தங்கியிருந்ததை ஒரு கோப்பையில் வடித்து நீட்டினாள். "இப்பதான் ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். நீங்களும் பாருங்க."

ஓவிடியோ வகுப்பில் கற்றபடி கோப்பையைச் சாய்த்து, சுழற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்த்துவிட்டுக் குடித்தார்.

இருபத்தேழு வருஷம் பல்புக்கடியில் நிமிர்ந்து நின்றதில் ஒயின் புளித்துப் போயிருந்தது. நெலிதா சாலட்டுக்கு ஊற்றும் வினிகர் இதைவிடக் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும்.

வெட்கம் தாங்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"ரொஸியோ, உன் மாமனாருக்கு ஃபோன் போட்டு, வயிறு எப்படி இருக்குன்னு கேளும்மா."