சிவக்கும் பட்டை

பிரசவ வார்டில் நர்ஸ் தில்ஷாத்துக்கு இப்போது ஒரே வேலைதான். குழந்தை பெற்றவர்களின் பாலில் ஒரு சொட்டு எடுத்துச் சோதனைப் பட்டையில் விட வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்து உடம்பின் சுரப்பிகளைக் குழப்பும் ரசாயனம் அதிகம் இருந்தால் பட்டை சிவக்கும். சிவந்தால், பால் வற்ற மாத்திரை கொடுக்க வேண்டும். கடைசியாகச் சிவக்காத பட்டையை எப்போது பார்த்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

வளர்மதியின் பட்டையும் சிவந்தது.

"இன்னொரு வாட்டி பாருங்க சிஸ்டர். பிளாஸ்டிக்கைக் கையால தொடல. கரு தங்கணும்னு ஊரை விட்டு மலையில போய் இருந்தோம்."

"மலையிலயும் இதே மழைதானம்மா பெய்யுது."

வளர்மதி குனிந்து பார்த்தாள். மடியில் குழந்தை வாயைத் திறந்து தேடிக்கொண்டிருந்தது.

"அப்ப இவளுக்கு என்ன குடுக்கிறது?"

"பவுடர் பால் தருவாங்க."

"அதை எதுல கரைப்பீங்க?"

"தண்ணியிலதான்."

"அந்தத் தண்ணிய இந்தப் பட்டையில விட்டுப் பாத்தீங்களா?"

"தண்ணிக்குப் பட்டை இன்னும் வரலம்மா."

குழந்தை வீறிட்டது. தில்ஷாத் மாத்திரையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். உள்ளே அழுகை மெல்ல அடங்கியது.

புதிய பட்டையைப் பிரித்தபடி அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், எனக்கும் அந்தத் திரையை இழுத்து விட்டுருங்க."