மூழ்கினால் அசல்

ஆய்வுக்கூட உதவியாளர் பதினெட்டு வருடமாக அதே நாற்காலியில் இருந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் மரப்பாவை மீது கைவைக்கத் துணிந்தார்.

ஒரு முழ உயரப் பெண் உருவம். ஆற்றங்கரை அகழாய்வுக் குழியில் பேராசிரியர் தன் கையாலேயே எடுத்தது. "எழுநூறு வருஷம் சேத்துல ஊறினவ" என்று போகிற இடமெல்லாம் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். காய்ந்தால் வெடித்துவிடும் என்று அதைத் தண்ணீர்த் தொட்டியில், வலைத்துணியால் அடித்தட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். வேறு யாரும் தொடக் கூடாது.

உதவியாளரின் மச்சினன் தச்சர். புகைப்படத்தைப் பார்த்தே அச்சு அசலாக இன்னொன்றைச் செதுக்கிவிட்டார்.

"ஒண்ணு இடிக்குது மாமா. காலங்காலமா ஊறின மரம் கல்லு மாதிரி முங்கிடும். இது புது மரம், மிதக்குமே?"

"அதுக்குத்தான் வயித்துக்குள்ள ஈயத்தை வைக்கச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் வேலை முடிந்தது. தட்டோடு வெளியே தூக்கி வைத்துத்தான் கட்டை அவிழ்த்தார். புதியவள் அதே கட்டோடு தொட்டிக்குப் போனாள். பழையவள் ஈரத்துண்டில் சுருண்டு உதவியாளரின் பைக்குள் வந்தாள்.

மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அரசாங்க நிபுணர் வந்து நின்றார்.

"கட்டை அவிழுங்க. முங்குதா மிதக்குதான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்."

"வேணாம் சார், கீறல் விழுந்துடும்" என்று பேராசிரியர் குறுக்கே வந்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறாரே என்று உதவியாளருக்கே பாவமாக இருந்தது. அடுத்த நிமிடமே தன் கதி நினைவுக்கு வந்தது. ஈயம் போதாவிட்டால் வேலையும் போய், ஜெயிலுக்கும் போக வேண்டியதுதான்.

கட்டு அவிழ்ந்தது. பாவை அசையாமல் அடியிலேயே கிடந்தாள்.

"அசல்தான்" என்று நிபுணர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். உதவியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேராசிரியர் மட்டும் பேயறைந்தவர் போலத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை மனைவியிடம் நீட்டி, "காயறதுக்குள்ள வாளித் தண்ணியில போட்டு வை" என்றார். பிறகு வாங்க இருப்பவனுக்குப் போன் போட்டார்.

"சந்தேகமே வேணாங்க. அசல்னு அரசாங்கமே எழுதிக் குடுத்தாச்சு."

அப்போது குளியலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, எத்தனை தடவை அமுக்கினாலும் உங்க பொம்மை மேல வந்து மிதக்குதே?"